டோட்டல் லாஸ் ஹெரால்டு

எங்கள் வாய்க்கால்மேட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்றால் நாங்கள் டாக்டருக்கு ஆள் அனுப்பமாட்டோம், மஞ்சள்மண்டி வீட்டுக்குத்தான் அனுப்புவோம். அங்கே சரோஜினியக்காவிடம் காரின் முன்சீட்டு காலியாக இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றால் ஆளைக் கட்டிலோடு தூக்கிப்போய் அந்தச் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். சாத்திவிட்டால் அப்புறம் அவசரம் ஒன்றும் இல்லை, குவைத்திலிருந்து மகன் வரலாம், கோபித்துக்கொண்டு போன தம்பி வரலாம், பத்திரத்தில் கைரேகை வைக்க வேண்டியவர் நிதானமாக வைக்கலாம், ஏனென்றால் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும்வரை யாருக்கும் சாவு வராது. இதில் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை. சில ஊர்க் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கும், சில ஊர்க் கிணற்றில் இனிக்கும், எங்கள் ஊரில் இப்படி ஒரு கார் இருந்தது.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபத்தொன்பதாம் வருட மாடல், நாலு கதவு, வெளிர்பச்சை நிறம். மஞ்சள்மண்டி நாச்சிமுத்தண்ணன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் வாங்கியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி வெள்ளத்தில், முழங்கால் தண்ணீர்தானே என்று அவர் அதைத் தரைப்பாலத்தில் இறக்க, ஆறு காரையும் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அவரைக் கயிறு போட்டு நாங்கள் கரையேற்றினோம், கார் மட்டும் இரண்டு பர்லாங் தள்ளி ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது. இன்சூரன்சு கம்பெனிக்காக ஈரோட்டிலிருந்து சென்னியப்பன் என்ற சர்வேயர் வந்தார், அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு தேறும் என்று எழுதுகிறவர். அவர் படிவத்தில் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதினார். அந்தத் தொழிலில் அப்படி எழுதினால் வண்டி செத்துவிட்டது என்று பொருள். அந்த எழுத்து ஆர்.சி. புத்தகத்திலும் ஏறி, மேலே வட்டமாக ஒரு முத்திரையும் விழுந்தது.

நாச்சிமுத்தண்ணன் அந்தச் சிதைவைக் காயலான் விலைக்குத் திரும்ப வாங்கினார். ஒரு வருடம் டிங்கர்களோடு மல்லுக்கட்டி, தட்டி, ஒட்டி, பட்டி பூசி, பெயிண்டு அடித்து ஓடவைத்தார். கார் நன்றாகவே ஓடியது. விற்கலாமா என்று விசாரித்தபோது புரோக்கர்கள் காரைச் சுற்றிச்சுற்றி வந்து மெச்சினார்கள், பிறகு புத்தகத்தைப் பிரித்தார்கள், உடனே வாயைச் சுழித்துக்கொண்டு போனார்கள். கண்ணெதிரே ஓடுகிற வண்டியைவிட அந்த முத்திரைக்குத்தான் மரியாதை. ‘செத்த வண்டிக்குப் பாதி விலைகூடத் தேறாதுங்க’ என்பார்கள்.

அதற்குள் சாவு வராது என்பது தெரியவந்தது ஒரு நாயால். விஷம் வைத்த கறியைத் தின்ற நாய் ஒன்று பின்சீட்டில் போய்ப் படுத்து ஒன்பது நாள் படுத்தபடியே கிடந்தது, பத்தாவது நாள் நாற்றம் தாங்காமல் இறக்கிவிட்டதும் இறங்கிய இடத்திலேயே செத்தது. அடுத்து பஸ்ஸில் அடிபட்ட ஒரு லாரி டிரைவரை அந்தக் காரில் ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினால் மூச்சு இல்லை, திரும்பக் காருக்குள் வைத்தால் தண்ணீர் கேட்கிறார், மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டவில்லை, மண்டிக் கொட்டகையில் நிறுத்திவிட்டோம்.

ஊர் என்று இருந்தால் எதற்கும் ஒரு முறை வேண்டுமே. மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போட்டு, ஒருவருக்கு மூன்று நாள், அதற்கு மேல் இல்லை என்று பேசி முடித்தோம். சாவு நடக்காததால் தீட்டும் இல்லை என்றார் பூசாரி. பாடை கட்டுகிறவருக்கும் கொட்டுக்காரருக்கும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் அவர்கள் கடவுளுக்கு வைப்பதுபோல எங்களுக்கு வணக்கம் வைத்தார்கள். விசாரிக்க வந்த துணைத் தாசில்தார் ஒருவர் காருக்குள் எட்டிப்பார்த்து, உள்ளே இருந்தவர் அவருக்குத் தூரத்து உறவாகிப் போனதால், ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கார் சாவை மட்டும்தான் நிறுத்தியது. வலியையும் பசியையும் இருமலையும் அது நிறுத்தவில்லை. அதனால்தான் மூன்று நாள்.

மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் மிக நெருங்கிய ஒருவர், மனைவியோ மகனோ அண்ணனோ, கதவைத் திறந்து “எறங்குங்க, போலாம்” என்று சொல்ல வேண்டும். வெளியாள் சொன்னால் செல்லாது. சொல்லாமல் தானாக இறங்கினால் தற்கொலைக்குச் சமம், அவருக்குக் கொட்டு கிடையாது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் எத்தனை பாடு! பெரிய மீசை வைத்த ஆண்கள் கதவுப் பிடியைப் பிடித்தபடி குலுங்கி அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பிறகு நாச்சிமுத்தண்ணனுக்கே நுரையீரலில் வந்தது. மனைவி சரோஜினியக்கா அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்தார். சிங்கப்பூரிலிருந்து மகள் கோமதி நாலாம் நாள்தான் வந்து சேர முடிந்தது, சொந்தக் கார் ஆயிற்றே என்று நாங்கள் கண்டுகொள்ளவில்லை. வந்த மகள் ஒரு வாரம் இருந்தாள், கதவுப்பக்கம் போய்ப் போய்த் திரும்பினாள், “அம்மா சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். அம்மா சொல்லவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, ஒரு வருடம் ஆயிற்று, இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. காலையில் ஜன்னல் வழியாகக் களி, மத்தியானம் ரசம்சோறு, சாயங்காலம் ஈரத்துணியால் துடைப்பு, மாதம் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டச் சொல்லி முடிவெட்டு. அக்கா ஒருநாள்கூட உள்ளே ஏறி அவர் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தன்னையும் இறங்கச் சொல்ல ஆள் இருக்காது என்று பயம். நின்று நின்று அக்காவின் கால் இரண்டும் யானைக்கால்போல வீங்கிப்போயின.

பின்சீட்டிலிருந்தபடியே நாச்சிமுத்தண்ணன் முன்சீட்டிலிருந்து நாற்பத்தொரு பேர் இறங்கிப் போவதைப் பார்த்தார். அந்த நாற்பத்தொரு பேரின் உறவுக்காரர்கள்தான் நாங்கள். எங்கள் காரியம் ஆனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம், பின்னால் ஒருவர் இருமிக்கொண்டிருப்பது எங்கள் காதிலும் விழும், ஆனாலும் கேட்காததுபோல இருந்தோம். எங்களுக்கு வெட்கமே இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

தை மாதம், ஊர் முழுக்க மஞ்சள் வேகிற வாசனை அடித்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை, சென்னியப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்து, இடது முட்டி தேய்ந்து, கக்கத்தில், வெள்ளத்தின்போது கொண்டுவந்தது மாதிரியே ஒரு தோல்பையோடு. இன்னும் இரண்டு மாதத்தில் தொழிலை விடப்போகிறவர். முப்பத்தைந்து வருடம் நசுங்கிய வண்டிகளையே பார்த்துப் பார்த்து, நசுங்காத வண்டியைப் பார்த்தாலும் எங்கே நசுங்கும் என்று பார்க்கிற கண் அவருக்கு வந்திருந்தது. மாரப்பன் டீக்கடையில் உட்கார்ந்து, மண்டி வீட்டுக் காருக்கு விலை போட வந்திருப்பதாகச் சொன்னார். 

மாரப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

“விலையா? எதுக்குங்க விலை? விக்கறாங்களா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போடச் சொன்னாங்க, வந்தேன்.”

“அதை வித்துப்போட்டா ஊரு என்னங்க பண்ணும்? எங்கம்மா இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. எங்கக்கா அந்தமான்ல இருந்து வரணும்.”

கால் மணி நேரத்தில் ஊரே மண்டிக் கொட்டகை முன்னால் திரண்டுவிட்டது. சென்னியப்பன் எங்களைச் சட்டைசெய்யவில்லை. அவருக்கு வேறொரு சங்கடம் இருந்தது, அதைப் பிற்பாடு அதே டீக்கடையில் வைத்து அவரே சொன்னார். போன வாரம் அவருக்கு ஒரே நாளில் இரண்டு போன் வந்திருந்தது. காலையில் பேசியது நாச்சிமுத்தண்ணன், முன்சீட்டில் இருந்த ஒருவரின் போனை வாங்கி: “தம்பி, செத்துப்போச்சுன்னு நீங்க எழுதின பொறகுதான் இந்த வண்டிக்குள்ள சாவு வரமாட்டேங்குது. உசுரோட இருக்குதுன்னு ஒரு விலை எழுதிக் குடுங்க. அவகிட்ட சொல்லிப்போடாதீங்க. அவளுக்குத் தாங்காது.” சாயங்காலம் பேசியது சரோஜினியக்கா: “தம்பி, நான் எப்படிச் சொல்லுவேன் அவரை எறங்குங்கன்னு? நீங்க ஒரு விலை போட்டுக் குடுத்தா நான் சொல்ல வேண்டியதில்லையே. அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க. நான் கைவிட்டுட்டேன்னு நெனைச்சுக்குவாரு.”

இரண்டு பேரின் ரகசியத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அவர் கொட்டகைக்குள் வந்தார். 

அக்கா நாற்காலி போட்டார். அவர் உட்கார்ந்தார், முட்டியைத் தடவினார், காரை ஒருதரம் பார்த்தார், பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்து ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரின் முன்பலகையில் நாச்சிமுத்தண்ணன் ஆசையாக வாங்கிப் பொருத்தின சின்னக் கடிகாரம் ஒன்று இருந்தது, வெள்ளத்தன்றைக்கு நாலு இருபதில் நின்றது, எத்தனை பேர் பழுது பார்த்தும் ஓடாதது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். முள் அசையவில்லை. பின்சீட்டில் இருமல் மட்டும் தொடர்ந்து கேட்டது.

“தம்பி,” என்றார் உள்ளேயிருந்து நாச்சிமுத்தண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு. “நீங்க நாற்காலியை விட்டே எந்திரிக்கலையே.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கேட்காமலே பேசினார்.

“அன்னிக்கும் நான் எறங்கலைங்கண்ணா. மழை. கரையெல்லாம் சேறு. நான் மேட்டுல இருக்கற டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன். அடுத்து எட்டு வண்டி பாக்கணும். கீழ பனைமரத்துல உங்க வண்டி தெரிஞ்சுது. போச்சுன்னு எழுதிட்டேன்.”

“பென்சில் பிரிண்டு எடுத்தீங்களே?” என்றார் சரோஜினியக்கா. “நீங்க குடுத்த காயிதத்துல ஒட்டியிருந்துச்சே.”

காரின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே ஏறும்; சர்வேயர் வண்டியைத் தொட்டுப் பார்த்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. 

“புத்தகத்தைப் பார்த்து ஆணியால கீறி, மேல பென்சில் தேச்சுட்டனுங்கக்கா. அவசரத்துக்கு அப்படிப் பண்ணுவோம். அன்னிக்கு எறங்கி வந்திருந்தா ஒருவேளை… இது தேறுற வண்டிதானுங்க. நான் பார்க்காமலேயே கொன்னுட்டேன்.”

எங்களில் யாராவது அவரை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், ஆனால் அந்தப் பொய்யை நாங்கள்தானே இத்தனை வருடமாக அனுபவித்தோம்.

சென்னியப்பன் எழுதின படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். துணி சுற்றின ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பின்கதவிலிருந்து ஆரம்பித்தார். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி பூசின இடத்தில் வழுக்கும். வழுக்கிய இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், பதினேழு வட்டம். மூக்கோடு முழுதாகத் தூக்குகிற அந்தப் பானெட்டைத் தூக்கி எஞ்சினை முகர்ந்தார், ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பார்த்தார், சக்கரத்தைக் குலுக்கினார், ரப்பரைக் கிள்ளினார், கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தி ஓசையைக் கேட்டார். கடைசியாக, அந்தத் தேய்ந்த முட்டியோடு, முனகிக்கொண்டே தரையில் மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து காருக்கு அடியில் போனார். வேட்டிக்கரையும் இரண்டு பாதமும்தான் எங்களுக்குத் தெரிந்தன.

“நாச்சிமுத்தண்ணா, கொஞ்சம் அசையாம உக்காருங்க.”

“அதைத்தானப்பா ரெண்டு வருசமாப் பண்ணிட்டிருக்கறேன்.”

பென்சில் தேய்கிற சத்தம் கேட்டது. சரக், சரக் என்று வெகு நேரம். வெளியே வந்தபோது அவர் முதுகெல்லாம் மண், கண்ணில் துரு விழுந்து கலங்கியிருந்தது, கையில் அந்தக் காகிதத்துண்டு, அதில் கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஏழு எழுத்து. புதுப் படிவத்தில் அதை ஒட்டினார்.

“ஓட்டிப் பார்க்காம விலை போடக் கூடாதுங்க,” என்றார். “பேட்டரி இருக்குதா?”

பேட்டரி செத்து வருடமாகியிருந்தது. சரோஜினியக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை மாரப்பன்மேல் போய் நின்றது.

“மாரப்பா, உன்ற டெம்போ பேட்டரியைத் தர்றியா?”

மாரப்பனின் தம்பி அந்த முன்சீட்டில் மூன்று நாளும், இறங்கச் சொல்ல இவனுக்கு வாய் வராமல் இன்னும் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தபோது, ஜன்னல் வழியாக அக்காதான் அவனுக்கும் ஊட்டினார். 

“எங்கம்மா…” என்று ஆரம்பித்தான்.

“தெரியும் சாமி,” என்றார் அக்கா. “தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

அவன் போனான். வருவானா என்று எங்களுக்குச் சந்தேகம். பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான், அவனே மாட்டினான், ஸ்பானரைத் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் வராமல் தனியே போய் நின்றான்.

நாலாவது தடவை கார் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. சென்னியப்பன் பானெட்மேல் படிவத்தை வைத்து, இந்த முறை நின்றபடியே, நிதானமாக எழுதினார். எழுதி முடித்துப் புள்ளி வைத்ததும் முன்பலகைக் கடிகாரம் டிக் என்றது. அப்புறம் இன்னொரு டிக்.

நாச்சிமுத்தண்ணனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். “எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்றார்.

“ஒரு லட்சத்து நாப்பதாயிரமுங்கண்ணா.”

“அவ்வளவுதானா? முத்தூர்க்காரன் ஹெரால்டு மூணுக்குப் போச்சே.”

“அந்த முத்திரை புத்தகத்துல இருக்கற வரைக்கும் பாதிதானுங்க. அடிபட்டது அடிபட்டதுதானே. ஆனா, இது வண்டிங்கண்ணா. நல்லாப் பார்த்துட்டேன். உசுரிருக்கற வண்டி.”

நாச்சிமுத்தண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, நிற்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். யார் போன் பண்ணியது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. 

அக்கா பின்கதவைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்து எங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க,” என்றார்.

வீங்கின காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்து அவர் புருசன் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார். சென்னியப்பன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கார் கொட்டகையை விட்டு வெளியே வந்து, வெயிலில் ஒரு கணம் தயங்கி, மஞ்சள் காய்கிற களங்களைத் தாண்டி, பதினேழு சாக்பீஸ் வட்டத்தோடு ஆற்றுப்பக்கம் போனது.

தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை என்று சென்னியப்பன் பிறகு சொன்னார். பாலத்து நடுவில் நிறுத்தச் சொன்னார்களாம். பின்னால் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்களாம், கல்யாணத்தன்றைக்கு இதே காரில் வந்தபோது யாருக்கோ வாந்தி வந்ததைப் பற்றி. அவர் கண்ணாடியில் பார்க்காமல் பனைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பேச்சு குறைந்து, ஒற்றைக் குரலாகி, பிறகு கடிகாரம் மட்டும் கேட்டதாம். வெகு நேரம் கழித்து அக்கா, “திருப்புங்க தம்பி,” என்றாராம்.

நாங்கள் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். கார் கொட்டகைக்குள் வந்து நின்றது. நாச்சிமுத்தண்ணனின் தலை அக்காவின் தோளில் இருந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார், சேலையின் தோள்பக்கம் நனைந்திருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் கிட்டே போகத் தைரியம் வரவில்லை. மாரப்பன்தான் முதலில் போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினான், அவன் பின்னால் நாலு பேர் போனோம்.

“பார்த்து, மெதுவா எறக்குங்க,” என்றார் அக்கா. “ரொம்ப நாளா உக்காந்தே இருந்தாரு. காலு மரத்துப்போயிருக்கும்.”